மாநாட்டுக்கு நடுவே ஓர் அரை நாள்: பேரே வாவியா, புறக்கோட்டையா, தியவன்னாவா?

கொழும்புக்கு மாநாட்டுக்கோ பயிற்சிப் பட்டறைக்கோ வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "இரண்டு நாள் கூட்டம். நடுவில் மூன்று நான்கு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. எங்கே போகலாம்?" யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கிறார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களும் கேட்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பில் விசாரித்தால் பெரும்பாலும் காலி முகத்திடலைக் கை காட்டுவார்கள். அதில் பிழையில்லை. ஆனாலும் கடலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், கொழும்பு ஒரு வாவியைச் சுற்றி வளர்ந்த நகரம் என்பதை அறியாமலே போய்விடுகிறார்கள்.

நகரின் நடுவே கிடக்கும் பேரே வாவி, போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டில் தங்கள் கோட்டைக்குக் காவலாகத் தேக்கிய நீர். பின்னால் வந்த ஒல்லாந்தர் அதை விரித்தார்கள். காலப்போக்கில் பல பக்கமும் மண் நிரப்பப்பட்டுச் சுருங்கி, இன்று சுமார் 65 ஹெக்டேர் மிஞ்சியிருக்கிறது. கிழக்கே, நாடாளுமன்றம் இருக்கும் பக்கம், தியவன்னா என்ற இன்னொரு நீர்ப்பரப்பு. இரண்டுக்கும் இடையில் சதுப்பும் கால்வாயும். 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்களாக ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சர் அமைப்பு அங்கீகரித்த பட்டியலில் கொழும்பும் இடம்பெற்றது இந்த நீரால்தான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த இடம் அழகு என்று தேடிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்திருப்பது எந்த மணி, உங்கள் மண்டபம் எந்தப் பக்கம் என்ற இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கிடைத்த நேரம் எது. காலை 6 முதல் 8.30 வரை, மதியம் 12 முதல் 3 வரை, மாலை 4.30க்குப் பிறகு என்று கொழும்பின் பகலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சூரிய அஸ்தமனம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 5.50க்கும் 6.35க்கும் இடையில்தான். நவம்பரில் சீக்கிரம் இருட்டும், ஜூலையில் கொஞ்சம் தாமதமாகும். 5.30க்குக் கூட்டம் முடிந்து, அறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு புறப்பட்டால் நவம்பரில் வெளிச்சத்தில் எதையும் பார்க்க முடியாது.

திரும்பி வருவது எவ்வளவு உறுதி. மாநாட்டுக்காரருக்கும் சாதாரண சுற்றுலாப் பயணிக்கும் உள்ள வேறுபாடே இதுதான். பிற்பகல் உங்கள் உரை இருக்கும், அல்லது அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டியிருக்கும். வார நாளில் காலை 7.30 முதல் 9 வரையும், பிற்பகல் பாடசாலை விடும் நேரத்திலும், மாலை 4.30 முதல் 7 வரையும் வீதி நெரியும். சாதாரண வேளையில் 15 நிமிடத்தில் போகும் தூரம் அப்போது 45 நிமிடம் ஆகலாம். மழை சேர்ந்தால் இன்னும் மோசம். நடந்தோ ரயிலிலோ திரும்பக்கூடிய இடமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உடையும் காலணியும். கோட்டும் கயிறு கட்டிய சப்பாத்துமாக விகாரைக்கும் கோயிலுக்கும் போனால், ஒவ்வொரு வாசலிலும் குனிந்து கழற்றி மாட்டுவதிலேயே பொழுது போய்விடும். முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். அலுவலக உடை அந்த வகையில் வசதிதான்.

கையில் இருப்பது. மடிக்கணினிப் பையோடு புறக்கோட்டைச் சந்தைத் தெருக்களுக்குள் நுழையாதீர்கள். ஹோட்டல் வரவேற்பிலோ மாநாட்டுப் பதிவு மேசையிலோ வைத்துவிட்டுப் போங்கள். கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையையும் கழற்றிவிடுங்கள். ஊருக்குப் புதியவர் என்று வீதியில் நிற்கிறவர்களுக்கு அது தூரத்திலேயே சொல்லிக்கொடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பல இடங்களில் கட்டணம் வேறு. மழை நேரத்தில் செயலி காட்டும் ஓட்டோக் கட்டணமும் வேறு. 5000 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை என்ற பதில் எங்கும் கிடைக்கும். 100, 500 ரூபாய்த் தாள்களை ஹோட்டலிலேயே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

| | பேரே வாவி, கொம்பனித்தெரு | கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு | தியவன்னா, பெத்தகான | காலி முகத்திடல் |
|---|---|---|---|---|
| தேவைப்படும் நேரம் | 1½ – 2½ மணி | 3 – 4 மணி | 3 – 4 மணி, பயணத்தோடு | 1 மணி |
| ஏற்ற வேளை | விடிகாலை, அந்தி | காலை 9 – 12, மாலை 4.30 – 6.30 | விடிகாலை. சனி, ஞாயிறு | அந்தி |
| தவிர்க்க வேண்டியது | நண்பகல் | ஞாயிறு, வெள்ளி நண்பகல் | வார நாள் மாலை | பலத்த காற்றும் மழையும் |
| நடந்து திரும்பலாமா | நகர மைய ஹோட்டல்களுக்கு ஆம் | கோட்டை ஹோட்டல்களுக்கு மட்டும் | இல்லை | ஆம் |
| தமிழில் பேசிச் சமாளிக்கலாமா | ஓரளவு | தாராளமாக | குறைவு | ஓரளவு |
| மறைசெலவு | வெளிநாட்டவர் டிக்கெட் | வாங்கும் ஆசை, களைப்பு | வாகனம், நெரிசல் | தின்பண்டம் |

## பேரே வாவி: சின்ன நேரத்துக்குப் பெரிய பலன்

இரண்டு மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இங்கே வாருங்கள்.

வாவி ஒரே வட்டமாக இல்லை. இதை அறியாமல் வரைபடத்தைப் பார்த்து "ஒரு சுற்று நடந்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கிழக்கு வாவி, மேற்கு வாவி, தென்மேற்கு வாவி என்று அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் ரயில் பாதையும் வீதிகளும் குறுக்கிடுகின்றன. கரையின் பல பகுதிகள் அலுவலகங்கள், களஞ்சியங்கள், படைத்தரப்புக் காணிகளின் பின்புறம். மனம் ஒன்றி நடக்கக்கூடியது தென்மேற்குத் துண்டு மட்டும். கங்காராம விகாரை, நீரின் மேல் நிற்கும் அதன் மண்டபமான சீமா மாலகம், சிறு தீவுப் பூங்கா எல்லாம் அந்தத் துண்டில்தான்.

வழி இப்படி. கரையோர ரயிலில் கொம்பனித்தெரு நிலையத்தில் இறங்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இது மிகச் சுலபம். விரைவு ரயில் எல்லாமே சின்ன நிலையங்களில் நிற்காது, ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு அருகில், கியூ வீதியில், சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. அடுக்குமாடிகள் சூழ்ந்த இடத்தில் அதன் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மலாய் மக்களும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழ்ந்த பழைய குடியிருப்பு இது. கண்ணுக்கு முன்னாலேயே வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தை வழியாக 15 – 20 நிமிடம் நடந்தால் வாவிக்கரை.

சீமா மாலகத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள். பழைய கட்டடம் நீரில் அமிழ்ந்துபோன பிறகு கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1976இல் எழுந்தது இன்றைய மண்டபம். பணம் கொடுத்தவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதியர், இறந்துபோன மகனின் நினைவாக. நீருக்கு மேல் மூன்று தளங்கள், அவற்றை இணைக்கும் சிறு பாலங்கள், நீல ஓட்டுக் கூரை. நடு மண்டபத்தின் மரச்சட்டச் சுவர்கள் காற்றையும் வெளிச்சத்தையும் கீற்றுக் கீற்றாக உள்ளே விடும். அநுராதபுரத்திலும் ரிட்டிகலவிலும் இருந்த வனத் துறவிகளின் மடங்களை மனதில் வைத்து பாவா வரைந்த அமைப்பு அது. அரசமரம் நிற்கும் பக்கத் தளத்தின் நான்கு மூலைகளிலும் சிவன், விஷ்ணு, பிள்ளையார், கதிர்காமக் கடவுள் என நான்கு சிறு சந்நிதிகள். தமிழ் வருகையாளர் பலர் புத்தர் சிலைகளோடு படம் எடுத்துவிட்டு இதைக் கவனிக்காமலே போகிறார்கள்.

வெளிநாட்டவருக்கு டிக்கெட் உண்டு. கங்காராமவுக்கும் சீமா மாலகத்துக்கும் சேர்த்துத் தருகிறார்கள் என்பதால், முதல் இடத்தில் வாங்கிய துண்டை எறிந்துவிடாதீர்கள். கங்காராமவின் அருங்காட்சியகம் ஒரு வேறு உலகம். தந்தச் சிற்பம், கடிகாரம், பழைய கார் என்று காணிக்கையாக வந்ததெல்லாம் அலமாரி முட்டக் குவிந்திருக்கும். பிடித்தவர்களுக்கு ஒரு மணி நேரம் போதாது. பிடிக்காதவர்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

என்ன கெட்டுப்போகும்? நான்கு விடயங்கள்.

ஒன்று, தரைச் சூடு. நண்பகலில் திறந்த தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சப்பாத்தைக் கழற்றினாலும் காலுறையோடு நடக்கலாம், தடித்த காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு, வாவியின் நாற்றம். ஒளித்து வைக்க வேண்டியதில்லை, சில நாட்களில் நாறும். சுற்றியிருக்கும் வடிகால்கள் கழிவுநீரையும் மழைநீரையும் வாவிக்குள் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத நீரில் அந்தச் சத்தை உண்டு பாசி பெருகுகிறது. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் கனமழை வடிகாலில் தங்கியதையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். நீரில் ஒட்சிசன் குறைந்து மீன் செத்து மிதப்பதும் உண்டு. அப்படிப்பட்ட மழைக்கு மறுநாள் வாவியைத் தவிர்த்து வேறு இடம் போங்கள். மற்ற நாட்களில் காற்றின் திசையைப் பாருங்கள். மிதக்கும் பச்சைப் படலம் காற்று தள்ளும் கரையில் ஒதுங்கும். காற்று வரும் பக்கத்துக் கரையில் நின்றால் நீர் தெளிவாகத் தெரியும், மூக்கும் தப்பும்.

மூன்று, வழியில் ஒட்டிக்கொள்ளும் நண்பர். நல்ல ஆங்கிலமோ தமிழோ பேசியபடி வந்து, "இன்றைக்கு விகாரையில் யானை விழா, இன்னும் அரை மணியில் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்துவார். பக்கத்தில் ஓர் ஓட்டோ தயாராக நிற்கும். பயணம் மாணிக்கக்கல் கடையில் போய் முடியும், கட்டணமும் பல மடங்காகும். கங்காராமவின் பெரிய பெரஹர (யானை ஊர்வலம்) நவம் பூரணைக்கு, அதாவது பெப்ரவரியில். மற்ற நாளில் யாராவது யானை விழா என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். உண்மையிலேயே நவம் பூரணை நாட்களில் வந்திருந்தால், மாலையில் இந்தப் பக்க வீதிகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நான்கு, கமரா. மேற்கு வாவிப் பக்கம் பாதுகாப்பு இடங்கள் இருக்கின்றன. அவற்றை நோக்கிப் படம் எடுக்காதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், அது பெரும் அவமதிப்பாகக் கருதப்படும்.

தாமரைக் கோபுரத்தை இந்த நடையோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் அது கிழக்கு வாவியின் கரையில், டீ. ஆர். விஜயவர்தன மாவத்தையில் நிற்கிறது. கங்காராமவிலிருந்து நடப்பதற்குச் சுகமான பாதை கிடையாது, ஓட்டோ பிடியுங்கள். 350 மீற்றர் உயரக் கோபுரம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது வெளிநாட்டவருக்கு 20 டொலர் வாங்கினார்கள். உள்ளூர்க் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. மேலிருந்து பார்த்தால் வாவியின் துண்டுகள் எப்படி ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன என்பது ஒரே பார்வையில் புரியும். வானம் தெளிவாக இருந்தால் போங்கள். மேகம் கவிந்த மாலையில் அந்தப் பணம் வீண்.

விடிகாலை, அந்தி இரண்டில் எது? எங்கள் வாக்கு விடிகாலைக்கு. கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் தீவின் மரங்களிலிருந்து இறங்கி நீரில் பரவும் வேளை அது. கரையில் நீர் உடும்பு வெயில் காயும், கிட்டப் போகாமல் பாருங்கள். 6 மணிக்குத் தொடங்கினால் 7.30க்கு அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டு 9 மணி அமர்வுக்குத் தயாராகலாம். மனதில் எந்தப் பதற்றமும் இருக்காது. அந்தியில் அன்னப் படகு மிதிக்கும் குடும்பங்களும் வெளிச்சம் ஏற்றிய மண்டபமும் வேறொரு அழகு, ஆனால் திரும்பும் பாதை நெரிசலில் மாட்டும்.

## கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு: நேரம் இருந்தால் இதுவே

நான்கு மணி நேரம் முழுதாகக் கையில் இருந்து, உடம்பும் ஒத்துழைத்தால், வாவியைவிட இதையே பரிந்துரைப்போம். தமிழ் வாசகருக்கு இந்த நகரம் எப்படித் தன்னுடையதும்கூட என்பது இங்கேதான் விளங்கும்.

கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பிரதான வீதியைப் பிடித்தால் வலமும் இடமுமாகக் குறுக்குத் தெருக்கள் பிரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம். நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம், மிளகாய் மூடைகளின் மொத்த வியாபாரம். கபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பத் தொடங்கிய ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், எல்லோர் வாயிலும் சிவப்புப் பள்ளி. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரி வரியாக ஓட, மேலே மாதுளம் பிஞ்சு போன்ற குமிழ்கள். எதிர்ப்பக்கக் கடைத் திண்ணையிலிருந்து பார்த்தால்தான் முழு முகப்பும் கண்ணில் அடங்கும். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் பின்னாலிருந்து தள்ளுவண்டி இடிக்கும். நாட்டாமிகள் (சுமை தூக்குவோர்) மூடை ஏற்றிய வண்டியோடு வரும்போது நிறுத்த முடியாது, குரல் கேட்டதும் ஒதுங்க வேண்டியது நாம்தான்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் செட்டியார் தெரு. இரு பக்கமும் நகைக்கடை, நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவின் தேர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் புறப்படுவது இங்கிருந்துதான். நேரே மேலும் போனால் கொச்சிக்கடை: அந்தோனியார் ஆலயம், அதற்கு அண்மையில் பொன்னம்பலவாணேசர் கோயில். முதலில் 19ஆம் நூற்றாண்டில் பொன்னம்பல முதலியார் கட்டியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முழுவதும் கருங்கல்லில் புதுப்பித்தார். வெளியே வெயில் கொளுத்தும்போது தூண் மண்டபத்துக்குள் காலடி வைத்தால் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். எண்ணெய்ப் புகையில் கறுத்த தூண்களின் சிற்பங்களை விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க இந்த நடையில் அரை மணி நேரம் கட்டாயம் ஒதுக்குங்கள்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது நடை சாத்தும் நேரம். இந்துக் கோயில்கள் நண்பகல் பூசைக்குப் பின் மூடி மாலை 4, 5 மணிக்கே திறக்கும். மதிய உணவு இடைவேளையில் கிளம்பி வருகிறவர்கள் மூடிய கதவைத்தான் பார்ப்பார்கள். வெள்ளி நண்பகல் ஜும்மாத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். தெருக்கள் அகலமாகத் தெரியும், ஆனால் புறக்கோட்டையின் உயிர் அங்கே இருக்காது. ஆக, வார நாளில் காலை 9க்குத் தொடங்கிக் கோயிலை 11.30க்குள் முடிப்பது முதல் வழி. மாலை 4.30க்குக் கொச்சிக்கடையில் ஓட்டோவில் போய் இறங்கி, கோயிலில் தொடங்கி, கோட்டையை நோக்கி நடந்து வருவது இரண்டாம் வழி. மாலைக்கு இந்தத் தலைகீழ் வழி நல்லது. நடை முடியும் இடம் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இப்போது உணவகங்கள். இராச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, நெரிசல் அடங்கிய பிறகு திரும்பலாம்.

மறைசெலவு என்றால் கால்வலியும் வியர்வையும் முதலில். மூன்று கிலோமீட்டர்தான் வரும், ஆனால் கூட்டத்தில் விலகி விலகி நடப்பது இரட்டிப்புக் களைப்பு. சட்டை நனைந்துவிடும், அதே உடையில் பிற்பகல் அமர்வுக்குப் போக முடியாது. பணப்பை முன் பையில் இருக்கட்டும். நகை வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு பொழுது வையுங்கள். நடையோடு சேர்த்தால் இரண்டும் கெடும். சனாதிபதி மாளிகை, துறைமுகம், படைத்தளம் இருக்கும் கோட்டைத் தெருக்களில் படம் எடுக்கும் முன் காவலில் நிற்பவரைக் கேளுங்கள்.

## தியவன்னா: மண்டபம் அந்தப் பக்கம் என்றால் மட்டும்

நீர், பறவை, அமைதி மூன்றிலும் தியவன்னா பேரே வாவியை மிஞ்சும். பாவா வடிவமைத்து 1982இல் திறந்த நாடாளுமன்றம், சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய நீர்ப்பரப்பின் நடுவே செப்புக் கூரையோடு நிற்கிறது. முன்கூட்டி அனுமதி பெறாமல் உள்ளே போக முடியாது, கரையிலிருந்து பார்க்கலாம். கரையிலுள்ள தியத்த உயன பூங்காவில் நடைபாதையும் தின்பண்டக் கடைகளும் பூச்செடி, வளர்ப்பு மீன் கடைகளும் உண்டு. உண்மையான சொத்து பெத்தகான ஈரநிலப் பூங்கா. 18 ஹெக்டேர் சதுப்பில் பலகை நடைபாதையும் பார்வைக் கோபுரங்களும் போட்டிருக்கிறார்கள். நீலத்தாழைக்கோழி, நாரை, மீன்கொத்தி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மீன்பிடிப் பூனை வாழும் இடமும் இதுவே, ஆனால் அது இரவில் நடமாடும் விலங்கு. பகலில் பார்க்கும் எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

சிக்கல் பயணம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177ஆம் இலக்க பஸ் ராஜகிரிய, பத்தரமுல்லை வழியாகப் போகும். மலிவானது, ஆனால் வார நாள் மாலையில் ராஜகிரிய தாண்டுவதற்குள் வெளிச்சம் போய்விடும், பூங்காவும் மூடிவிடும். வார நாளில் நகர மையத்திலிருந்து போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கூட்டமே பத்தரமுல்லைப் பக்க ஹோட்டலில் என்றாலோ, ஞாயிறு பிற்பகல்தான் விமானம் என்றாலோ கதை வேறு. காலை 6.30க்கு அங்கே இருங்கள். கொசு விரட்டித் தைலம், தொப்பி, தண்ணீர்ப் போத்தல் மூன்றும் கட்டாயம். மழைக்குப் பின் பலகைப் பாதை வழுக்கும், தோல் அடிச் சப்பாத்து ஆகாது.

## காலி முகத்திடல்

ஒரு மணி நேரம், அதுவும் அந்தியில் என்றால் தயங்காமல் போங்கள். 1859இல் திறந்த திடல், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் துறைமுக நகரத்துக்காகக் கடலில் நிரப்பிய 269 ஹெக்டேர் புதுநிலம். இறால் வடை சூடாகப் பொரித்துத் தரும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள், அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும். கண்ணாடி அணிந்தவர்கள் உப்புச் சாரலைத் துடைத்தபடியே இருக்க வேண்டும்.

## எதில் போவது

இடத்தைத் தேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி மிஞ்சும். கரையோர ரயில், நெரிசலால் பாதிக்கப்படாத ஒரே வழி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை எல்லாம் ஒரே பாதையில். மாலையில் தொங்கிக்கொண்டு போகும் கூட்டம் இருக்கும், பெரிய பையோடு ஏற முடியாது. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் அடிக்கடி வரும், கோட்டை வரை மலிவாகப் போகலாம்.

ஓட்டோவை பிக்மீ அல்லது ஊபர் செயலியில் அழையுங்கள். ஹோட்டல் வாசலில் நிற்பதைப் பிடித்தால் பேரம் பேச வேண்டியிருக்கும். ஒருவழிப் பாதைகள் அதிகம் என்பதால் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் தெரிவது ஓடும்போது இரண்டாகும், அது ஏமாற்று இல்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குள் ஓட்டோ வரத் தயங்கும்; கோட்டை நிலையத்துக்கோ பிரதான வீதிக்கோ நடந்து வந்து அழையுங்கள். மழை தொடங்கிய பிறகு செயலியைத் திறந்தால் கட்டணம் ஏறியிருக்கும், வண்டியும் கிடைக்காது. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை சாதாரணம். கிழக்கு வானம் கறுத்ததுமே திரும்பக் கிளம்புங்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது

மாநாடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், மாலை 5க்கு முடிகிறது: அன்று மாலை எங்கும் ஓட வேண்டாம். மறுநாள் விடிகாலை பேரே வாவி.

வாவிக்கரை அல்லது கோட்டை ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள், ஒரு முழுக் காலை கிடைத்திருக்கிறது: புறக்கோட்டை. அதே நாள் விடிகாலையில் வாவியையும் சேர்க்கலாம், நடுவில் அறையில் ஒரு மணி நேரம் ஓய்வு எடுத்தால்.

மதியம் 12 முதல் 3 வரைதான் நேரம்: நீர்க்கரை, கோயில் இரண்டையும் விட்டுவிடுங்கள். 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நிழல் இருக்கும், பொலன்னறுவைச் சோழர் கால வெண்கலங்களுக்காகவே அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கலாம். பொது விடுமுறை நாள் என்றால் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வயதான பெற்றோரையோ சிறு பிள்ளையையோ கூட அழைத்து வந்திருக்கிறீர்கள்: அந்தியில் தீவுப் பூங்காவும் அன்னப் படகும். புறக்கோட்டை அவர்களுக்கு வேண்டாம். படகில் ஏறும் முன் உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள், கொடுக்கவில்லை என்றால் ஏறாதீர்கள்.

இரவு விமானம், பெட்டியோடு இருக்கிறீர்கள்: அறையைக் காலி செய்தாலும் பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்குள் மட்டும் சுற்றுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அதிவேகப் பாதையில் அரை மணி நேரம்தான் என்பார்கள். நகருக்குள்ளிருந்து அந்தப் பாதையின் வாசலைத் தொடுவதற்கே மாலை 5 மணிக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். 4 மணிக்குள் புறப்பட முடியாவிட்டால் 7.30க்குப் பிறகு புறப்படும்படி திட்டமிடுங்கள், விமான நேரம் அதற்கு இடம் கொடுத்தால்.